விதைக்காத நிலத்துக்கு வாடகை: அயோவாவின் ரிங்கோல்ட் கவுண்டியில் சிஆர்பி பணம் யாருக்குப் போகிறது?

18 பிப்ரவரி 2024 (வாசகர் கேள்வி)

அமெரிக்கப் பண்ணை மானியங்களைக் கவுண்டி வாரியாகக் காட்டும் பட்டியல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அயோவாவின் தென்கோடியில், மிசூரி எல்லையை ஒட்டியுள்ள ரிங்கோல்ட் கவுண்டிக்கு (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சிஆர்பி என்னும் மண் பாதுகாப்புத் திட்டத்தின் கணக்கில் ஆண்டுதோறும் பெருந்தொகை போகிறது. வாங்குபவர்களில் பலர் அந்த நிலத்தில் எதையும் விளைவிப்பதில்லை. விதைக்காமல் இருப்பதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்றால், அது வசதியுள்ளவர்களுக்கான ஓய்வூதியம்தானே? அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது விளக்க வேண்டும்.

19 பிப்ரவரி 2024

நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். தென் அயோவாவின் பண்ணைக் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். முன்தவணை வரி கட்டாத விவசாயிகள் மார்ச் 1-க்குள் கணக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும் என்பதால், பிப்ரவரி முழுவதும் என் மேசையில் காகித உறைகள் குவிந்து கிடக்கும். பல உறைகளில், அரசு கொடுத்த தொகையைக் காட்டி வேளாண் துறை அனுப்பிய 1099-ஜி படிவம் இருக்கும். சிஆர்பி தொகை அதில்தான் வரும்.

சிஆர்பி (Conservation Reserve Program) என்பது 1985 டிசம்பரில் ரீகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்த திட்டம். எளிதில் மண் அரிக்கும் சாகுபடி நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு உழவிலிருந்து விலக்கிப் புல்லோ மரமோ வைத்துப் பராமரிக்க உரிமையாளர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். அரசு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டு வாடகை தருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் பண்ணைச் சட்டத்தின் 2018-ஆம் ஆண்டு வடிவப்படி, விண்ணப்பங்களை ஒப்பிட்டு நிலம் எடுக்கும் பொதுச் சேர்க்கையில் இந்த வாடகை அந்தக் கவுண்டியின் சராசரிக் குத்தகையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒருவர் ஓர் ஆண்டில் பெறக்கூடிய வாடகைக்கு 50,000 டாலர் என்ற வரம்பு 1985-லேயே விதிக்கப்பட்டது; அது இன்னும் உயர்த்தப்படவில்லை. ஆகவே கோடீஸ்வரர்கள் இதில் கொழிக்கிறார்கள் என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஏக்கருக்கு 200 டாலர் என்று வைத்துக்கொண்டால் 250 ஏக்கரிலேயே வரம்பு முட்டிவிடும். நான் பார்க்கும் படிவங்களில் பெரும்பாலானவை அதற்கு வெகு கீழே நிற்பவை.

ஆனால் ஓய்வூதியம் என்று கேட்டீர்களே, அதை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியவில்லை. வரிப் பருவம் முடிந்தபின் எழுதுகிறேன்.

20 பிப்ரவரி 2024

"சும்மா கிடக்கும் நிலத்துக்குக் காசு" என்று ஒருவர் எழுதியிருப்பதால் இடையில் ஒரு குறிப்பு. நிலத்தைச் சும்மா போட்டால் ஒப்பந்தம் முறிந்துபோகும். புல் விதைக் கலவையை உரிமையாளரே விதைக்க வேண்டும். செலவில் பாதி வரைதான் அரசு ஏற்கும். முள்செடி பரவினால் அழிக்க வேண்டும். சிவப்பு சீடார் மரக்கன்றுகளை விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் புல்வெளி புதர்க்காடாகிவிடும். அயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் அப்போது புல்லை வெட்டவும் கூடாது. முள்செடி பூத்து விதை கட்டுவதும் அந்த மாதங்களில்தான் என்பது இங்குள்ளவர்களின் நிரந்தரப் புலம்பல்.

24 மார்ச் 2024

ஏன் இந்தக் கவுண்டி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

அயோவா என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் சமதளமாகக் கிடக்கும் கரிய மண் நினைவுக்கு வரும். அது வடக்கே. பனிப்பாறைகள் கடைசியாக வந்து போன நிலம் அங்கே இருக்கிறது. நீர்வடிகுழாய் பதித்தால் மக்காச்சோளம் கொட்டும். ரிங்கோல்டில் நிலம் மேடும் மடுவுமாக உருண்டு போகிறது. சரிவுகளின் இடுப்பில், இங்குள்ளவர்கள் கம்போ என்று சொல்லும் சாம்பல் நிறக் களிமண் தலை நீட்டும். மழை பெய்தால் நீர் அதற்குள் இறங்காமல் பக்கவாட்டில் கசியும், டிராக்டர் சிக்கும், வெயில் அடித்தால் அதே மண் ஓடு போல இறுகிவிடும். அத்தகைய சரிவில் வரிசைப் பயிர் போட்டால் ஒரு கனமழைக்கு மேல்மண் ஓடைக்குப் போய்விடும். சிஆர்பி தகுதிக்கு, மண் எவ்வளவு எளிதில் அரிக்கும் என்று அளக்கும் அரிப்புக் குறியீடு 8-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது ஒரு வழி. வடக்கே பல வயல்களுக்கு எட்டாத அந்த எண்ணை இங்குள்ள சரிவுகள் எளிதில் தாண்டிவிடும்.

காலமும் ஒத்துழைத்தது. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்புப்படி மாநிலத்தின் சராசரி நில விலை 1981-இல் ஏக்கருக்கு 2,147 டாலர். 1986-இல் 787 டாலர். கடனை நம்பி நிலம் வாங்கியவர்கள் மூழ்கிக்கொண்டிருந்த அந்த 1986-இல்தான் சிஆர்பியின் முதல் சேர்க்கை நடந்தது. மண்ணைக் காப்பாற்ற வந்த திட்டம் வங்கித் தவணையையும் காப்பாற்றியது. ஏற்கத்தக்க உச்ச வாடகை எவ்வளவு என்று விவசாயிகள் விரைவிலேயே தெரிந்துகொண்டு எல்லோரும் அதே தொகையைக் கேட்டார்கள். ஏலம் என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் விலைப்பட்டியல் வாசிப்பாகிவிட்டது. மண், நீர், வன உயிர், செலவு என்று மதிப்பெண் போடும் சுற்றுச்சூழல் பயன் குறியீடு 1990-க்குப் பிறகுதான் வந்தது.

2 ஏப்ரல் 2024

2024-இன் பொதுச் சேர்க்கை மார்ச் 4 முதல் 29 வரை நடந்தது. ஒரு மூதாட்டி தனக்குக் கண் சரியில்லை என்று என்னையும் வேளாண் துறையின் பண்ணைச் சேவை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். மேசைமேல் அவர் நிலத்தின் வான்படம் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு வயலையும் சுற்றி ஒரு கோடு, உள்ளே ஓர் எண், அதன் கீழே தசமப் புள்ளியுடன் ஏக்கர் கணக்கு. ஓடையை ஒட்டிய ஒரு கோணல் துண்டைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே நேரம் போனது. வெறும் புரோம் புல் விதைத்தால் மதிப்பெண் குறைவு. பல வகை நாட்டுப்புல்லும் காட்டுப்பூவும் கலந்து விதைத்தால் மதிப்பெண் கூடும், விதைச் செலவும் கூடும். மூதாட்டி விதைக் கலவையின் விலையைக் கேட்டுவிட்டு, தன் கணவர் இருந்திருந்தால் பூவுக்கா இவ்வளவு என்று கேட்டிருப்பார் என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இந்த மூதாட்டி போன்றவர்கள்தான் இத்திட்டத்தின் உண்மையான முகம். 2022-ஆம் ஆண்டின் அயோவா நில உரிமை ஆய்வுப்படி மாநிலத்தின் விளைநிலத்தில் 66 விழுக்காடு 65 வயதைக் கடந்தவர்கள் கையில் இருக்கிறது. 84 விழுக்காட்டின் மீது கடனே இல்லை. பிள்ளைகள் மாநிலத் தலைநகர் டி மாய்னிலோ டென்வரிலோ இருக்கிறார்கள். அக்டோபரில் வங்கிக் கணக்கில் வந்து சேரும் வாடகை, குத்தகைதாரரோடு பேரம் பேசும் தொல்லை இல்லாத வருமானம். 2008-ஆம் ஆண்டின் சட்டம் இன்னொரு வசதியையும் செய்து கொடுத்தது: சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுபவரின் சிஆர்பி வாடகைக்குச் சுயதொழில் வரி (சொந்தத் தொழில் வருமானத்தின் மீதான வரி) கிடையாது. கேள்வி கேட்ட வாசகரின் ஐயத்தை, வரிச் சட்டமே ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

3 ஏப்ரல் 2024

ஓய்வூதியம் பெறாதவர் நிலை என்ன என்று கேட்டவருக்கு: சவுத் டகோட்டாவில் நிலம் வைத்திருந்த, விவசாயமே செய்யாத உரிமையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2014-இல் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குக் கிடைத்தது நிலத்துக்கான வாடகையே, தொழில் வருமானம் அன்று என்று தீர்ப்பளித்தது. அயோவாவும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தானே பண்ணை நடத்துபவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. ஒரே வேலிக்கு இரு பக்கமும் ஒரே புல். உழைக்கும் விவசாயி கூடுதல் வரி கட்டுவார், நகரத்து உரிமையாளர் கட்ட மாட்டார். இதை விவசாயிகளிடம் விளக்கும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

14 ஏப்ரல் 2024

இந்தப் புல்லால் பறவைகளுக்கு நன்மை உண்டா என்று கேட்டவருக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் என் எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றியது இதுதான்.

ரிங்கோல்ட் கவுண்டியில் கெல்லர்டன் என்ற சிற்றூர் அருகே ஒரு புல்மேடு இருக்கிறது. அயோவாவில் அற்றுப்போயிருந்த ப்ரெய்ரி சிக்கன் என்னும் புல்வெளிக் கோழியை 1980-களில் வெளியிலிருந்து கொண்டுவந்து இப்பகுதியில் விட்டார்கள். 2012 முதல் நெப்ராஸ்காவிலிருந்தும் பறவைகள் வந்தன. ஏப்ரல் விடியலில் சேவல்கள் அந்த மேட்டில் கூடி, கழுத்தின் ஆரஞ்சு நிறப் பைகளை உப்பவைத்து, தலை தாழ்த்திக் கால்களால் தரையைத் தடதடவென்று மிதிக்கும். எழும் ஒலி காலிப் புட்டியின் வாயில் ஊதுவது போன்றது. காற்றில்லாத நாளில் வெகுதூரம் கேட்கும். சாலையோரம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி வைத்தால் போதும்.

இவை ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பது கட்டைப்புல் உள்ள திறந்த மேட்டை. உயரமாக, அடர்ந்து, அடியில் பழைய சருகு மெத்தை போட்டுக் கிடக்கும் ஃபெஸ்கியூ புல்லில் குஞ்சுகளால் நடக்கவே முடியாது. சேர்த்த நாள் முதல் நெருப்போ மாடோ படாத பழைய சிஆர்பி வயல்களில் பலவும் அப்படித்தான் கிடக்கின்றன. மண்ணைப் பிடித்து வைப்பதில் அவை சிறந்தவை. பறவைக்கு அவ்வளவு நல்லவை அல்ல. இதே கிராண்ட் ஆற்றுப் புல்வெளிப் பகுதியில் அயோவா ஸ்டேட் ஆய்வாளர்கள் ஒரு முறையைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஆண்டுக்கு ஒரு பகுதியை எரித்துவிட்டால், மாடுகள் தளிர் தேடி அங்கேயே மேயும், மற்ற பகுதி வளரும். கட்டை, நடுத்தரம், உயரம் என்று மூன்று வகைப் புல்லும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும்.

ஆக, மாட்டை வெளியே நிறுத்துவதே பாதுகாப்பு என்ற எண்ணம் இந்த மண்ணில் செல்லுபடியாகவில்லை. மாட்டுக்காரரை வெளியே நிறுத்துவதும் அப்படியே. அதைத் தனியாக எழுதுகிறேன்.

15 ஏப்ரல் 2024

தம் வீட்டு முன்புறப் புல்தரைக்கும் வாடகை கிடைக்குமா என்று டாலஸ் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2012 முதல் 2017 வரையிலான ஆறு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகளாவது அங்கே பயிர் செய்திருக்க வேண்டும். அந்த விதியைத் தாண்டினாலும் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் புல்லை வெட்டக் கூடாது. குடியிருப்போர் சங்கத்திடம் அவரே பேசிக்கொள்ளட்டும்.

19 மே 2024

மாட்டுக்காரர் விஷயம்.

அயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் இருக்கிறது. ரிங்கோல்ட் பக்கம் கன்று ஈனும் பசுக்கூட்டம் வைத்துப் பிழைக்கும் இளைஞருக்குச் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் நிறைய. உரிமையாளர் நிலத்தை சிஆர்பியில் சேர்த்துவிட்டால் அந்த ஏக்கர்கள் இளைஞர் கையைவிட்டுப் போகின்றன. திட்டத்தில் சேர்ப்பதற்காகவே குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் ஓராண்டுக் குத்தகை தன் காலத்தில் முடிந்து புதுப்பிக்கப்படாமல் போவதை எந்த விதி தடுக்கும்?

என்னிடம் வரும் ஒருவர் சொன்னது மறக்கவில்லை. 2012 வறட்சியில் அவருடைய மேய்ச்சல் நிலம் ஜூலையிலேயே காய்ந்து தரை தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், முன்பு அவர் தந்தை குத்தகைக்கு உழுத சரிவில், இடுப்பளவு புல் நின்றது. அவசரகால அனுமதி வந்த பிறகுதான் அதை வெட்ட முடிந்தது. வெட்டினால் ஆண்டு வாடகையில் 25 விழுக்காடு பிடிப்பார்கள் என்ற விதியை அந்த ஆண்டு 10 விழுக்காடாகக் குறைத்தார்கள். அதற்குள் புல் முற்றித் தண்டாகியிருந்தது. மாடு தின்றது, ஆனால் மெலிந்தது என்றார்.

சென்ற வாரம் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 2024-ஆம் ஆண்டுக் குத்தகை ஆய்வு வந்தது. மாநிலச் சராசரி ஏக்கருக்கு 279 டாலர்; தெற்கு மத்தியப் பகுதிதான் வழக்கம்போல் அடிமட்டம். சராசரியை ஒட்டி அரசு நிச்சயமான வாடகை தரும்போது, மட்டமான சரிவுக்கு அதைவிடக் கூடுதலாகத் தர எந்த மாட்டுக்காரராலும் முடியாது. வயல் நல்லதானால் அரசு போட்டியிலேயே இல்லை. வயல் மோசமானால் அரசை வெல்ல ஆளில்லை. நல்ல மண் மக்காச்சோளத்துக்குப் போகட்டும், மோசமான மண் புல்லாகட்டும் என்பது திட்டத்தின் நோக்கமே என்று இதற்குப் பதில் சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனால் மோசமான மண்ணை நம்பித்தான் இளைஞர்கள் தொழில் தொடங்குகிறார்கள்.

26 மே 2024

சிஆர்பியால் ஊரே காலியாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பயம் பழையது. 1956-இல் வந்த மண் வங்கித் திட்டத்தில் முழுப் பண்ணைகளையே சேர்க்க விட்டதால், சில ஊர்களில் விதைக்கடையும் டிராக்டர் கடையும் படுத்தன. அந்த அனுபவத்தால்தான் ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற வரம்பு சிஆர்பியில் வந்தது. ஆனால் ரிங்கோல்டின் மக்கள்தொகையைப் பாருங்கள்: 1950-இல் சுமார் 9,500, 1980-இல் சுமார் 6,100, 2020-இல் 4,663. பெரும் சரிவு திட்டம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது. டிராக்டர் பெரிதாக ஆக ஆள் தேவை குறைந்தது. அந்தப் பழியைப் புல்லின் மீது போட வேண்டாம்.

30 ஜூன் 2024

இது வரை எழுதியதை மீண்டும் படித்தபோது, யாருக்குப் பணம் போகிறது என்பதிலேயே நான் சுற்றிக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்தப் பணம் எதை வாங்குகிறது என்பது அதைவிட முக்கியமானது. பத்து ஆண்டுகளை வாங்குகிறது, அவ்வளவே.

நாடு முழுவதும் சிஆர்பியில் இருந்த பரப்பு 2007-இல் 3.68 கோடி ஏக்கரை எட்டியது. எத்தனால் கட்டாயம், ஏறிய மக்காச்சோள விலை, 2012 வறட்சியில் புஷல் என்னும் தானிய அளவுக்கு 7 டாலரைத் தாண்டிய சந்தை எல்லாம் சேர்ந்து வந்தபோது, ஒப்பந்தம் முடிந்தவர்கள் புதுப்பிக்கவில்லை. நாடாளுமன்றமும் 2014 சட்டத்தில் உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கருக்கு இறக்கியது. 2018 சட்டம் அதை 2.7 கோடி ஏக்கராக உயர்த்தியது.

புல் எப்படிப் போகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். செப்டம்பர் முடிவில் ஒப்பந்தம் தீர்ந்ததும் களைக்கொல்லி தெளிப்பான் ஒரு பிற்பகல் முழுவதும் சரிவில் ஏறி இறங்கும். இரண்டு வாரத்தில் வயல் முழுவதும் துருப்பிடித்த தகடு போல ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். தெளிப்பான் எட்டாத ஓரங்கள் மட்டும் பச்சையாக நிற்கும். அடுத்த மே மாதம் அந்தச் செத்த புல்லுக்குள்ளேயே சோயாபீன் விதைப்பார்கள். முதல் ஆண்டு வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் சரிவில் விரலகல ஓடைகள் தெரியத் தொடங்கும். கால் நூற்றாண்டு வாடகை கொடுத்துக் காத்த மண்ணின் மீது அரசுக்கு அன்றைக்கு ஓர் அங்குல உரிமையும் இல்லை.

அப்படியானால் நிரந்தர உரிமை ஒப்பந்தமாக வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். ஈரநிலங்களுக்கு அப்படி ஒரு வழி 1990 முதல் இருக்கிறது. சரிவுகளுக்கும் அது வேண்டும் என்றுதான் வெகுநாள் வாதாடினேன். இப்போது அந்த உறுதி தளர்ந்திருக்கிறது. கெல்லர்டன் மேட்டைப் பார்த்தபின், புல்லுக்கு ஆள் வேண்டும், நெருப்பு வேண்டும், மாடு வேண்டும் என்று தெரிகிறது. பத்திரத்தில் நிரந்தரம் என்று எழுதிவிட்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விட்டால், சீடார் காடுதான் நிரந்தரமாகும்.

7 ஜூலை 2024

டி மாய்ன் குடிநீரில் நைட்ரேட் வடக்கிலிருந்து வரும்போது பணத்தைத் தெற்குச் சரிவுகளில் கொட்டுவது ஏன் என்ற கேள்வி சரியானது. டி மாய்ன் குடிநீர் நிறுவனம் 2015-இல் வடக்கே மூன்று கவுண்டிகளின் வடிகால் மாவட்டங்கள் (வயல் வடிகாலை நிர்வகிக்கும் அமைப்புகள்) மீது தொடுத்த வழக்கு 2017-இல் தள்ளுபடியானது. அங்கே வயல் முழுவதையும் ஓய்வெடுக்கவிட யாரும் ஒப்ப மாட்டார்கள். வயலுக்கு இடையே நாட்டுப்புல் பட்டைகளை விதைக்கும் முறையை 2018 சட்டம் சிஆர்பிக்குள் கொண்டுவந்தது. வயலில் பத்தில் ஒரு பங்கைப் பட்டையாக்கினாலே மண் இழப்பு பெருமளவு குறைகிறது என்று அயோவா ஸ்டேட் சோதனைகள் காட்டின. ஆனால் மேற்பரப்பில் ஓடும் நீரைத்தான் பட்டை வடிகட்டும். நிலத்தடிக் குழாய் வழியே போகும் நைட்ரேட்டை அது தொடாது.

18 ஆகஸ்ட் 2024

மாட்டுக்கார இளைஞருக்கு அரசு ஒன்றுமே தருவதில்லையா என்று கேட்டவருக்கு: தருகிறது, வேறு கதவு வழியாக. பண்ணைப் பாதுகாப்புப் பணிகளின் செலவைப் பகிரும் ஈக்விப் (EQIP) திட்டத்தில் குறுக்கு வேலி, தண்ணீர்த் தொட்டி, குட்டை, படிவரப்பு போன்றவற்றின் செலவில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு 90 வரை. அதன் நிதியில் பாதி கால்நடை சார்ந்த பணிகளுக்கு என்பது சட்டம். 2022-இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் இத்தகைய திட்டங்களுக்குச் சுமார் 1,950 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனாலும் வரிசை நீளம்; மீதிச் செலவை அவரே போட வேண்டும்; குத்தகை நிலத்தில் வேலி போட உரிமையாளர் ஒப்ப வேண்டும்.

மேய்த்துக்கொண்டே வாடகை பெறும் புல்வெளி சிஆர்பி 2014 முதல் உண்டு. வாடகை குறைவு, ஆனால் மாடு உள்ளே இருக்கலாம். என்னைக் கேட்டால் ரிங்கோல்டுக்குப் பொருந்துவது அதுவே. அயோவாவில் அது ஏன் எடுபடவில்லை என்பதற்குக் காரணம் எளிது: வழக்கமான சிஆர்பி ஏக்கருக்குப் பல மடங்கு தரும்போது அறிவுள்ள உரிமையாளர் எவரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

13 அக்டோபர் 2024

பண்ணைச் சட்டத்தின் நீட்டிப்பு 2024 செப்டம்பர் 30-உடன் காலாவதியானது. ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களின் வாடகை வழக்கம்போல் வருகிறது. புதிய சேர்க்கைதான் அப்போது நின்றது. மக்காச்சோளம் புஷலுக்கு 4 டாலரை ஒட்டிக் கிடப்பதால் இவ்வாண்டு தெளிப்பான்கள் சரிவேறவில்லை. மாறாக, அடுத்த சேர்க்கை எப்போது என்று கேட்டு வருகிறார்கள்.

முதல் கேள்வி கேட்ட வாசகர், ஆம் அல்லது இல்லை என்று சொல்லச் சொல்கிறார். வாடகை தொடரட்டும். வாடகை வரம்பான 85 விழுக்காட்டை 70 ஆக்கி, மிச்சத்தை மேய்ச்சலோடு கூடிய ஒப்பந்தத்துக்குக் கூட்டுங்கள். உரிமையாளர் புதிய குத்தகைதாரரை உள்ளே விட்டால் கூடுதல் தாருங்கள். மூதாட்டிக்கு வருமானம் குறையும் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

20 அக்டோபர் 2024

ஒப்பந்தத்தில் உள்ள நிலத்தை வாங்கப்போவதாக எழுதிய ஓமாஹா நண்பருக்கு: பத்திரத்துக்கு முன்பே ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அதை உங்கள் பெயருக்கு ஏற்காவிட்டால், விற்றவர் அதுவரை பெற்ற முழு வாடகையையும் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடும். அதற்குமேல் ஓராண்டு வாடகையில் கால்பங்கு அபராதம். யார் ஏற்பது, இவ்வாண்டின் அக்டோபர் வாடகை யாருக்கு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வசந்தத்தில் சீடார் கன்றுகளை வெட்டும் செலவு உங்களுடையது.